வெர்மெந்தீனோ தி கல்லூரா: சுவையும் துணை உணவும் (அனுபவப் பகிர்வு)

உப்புக்காற்று:
இத்தாலியின் சார்தீனியா தீவில், வடகிழக்கு மூலையில் இருக்கிறது கல்லூரா. அங்கே வெர்மெந்தீனோ திராட்சையிலிருந்து செய்யும் வெள்ளை ஒயினான வெர்மெந்தீனோ தி கல்லூராவைக் குடித்துப் பார்த்தவர்கள், அதற்கென்று சமைத்தவர்கள் விவரமாக எழுதுங்கள். சுவையிலிருந்து நான் ஆரம்பிக்கிறேன்.

நிறம் வெளிர் மஞ்சள், ஓரத்தில் லேசான பச்சை. முகர்ந்தால் முதலில் எலுமிச்சைத் தோலும் வெள்ளை பீச்சும். கிளாஸைச் சுழற்றினால் ரோஸ்மேரி போன்ற புதர் வாசனை எழும். வெள்ளை ஒயினுக்கு இது கொஞ்சம் கனமானதுதான், புளிப்பு நடுத்தரம். விழுங்கிய பிறகு நாக்கில் உப்புக் கரிப்பு, அதன் பின்னாலேயே கசப்பு வாதுமை. இந்தக் கசப்பைப் பழுது என்று நினைத்துப் பாட்டிலை ஒதுக்கிவிடுகிறார்கள் பலர். அது அந்தத் திராட்சையின் இயல்பு. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால்தான் கார்க் கெட்டது என்று அர்த்தம். நிறம் பழுப்பேறி, அடிபட்ட ஆப்பிள் வாசனை வந்தால் காற்றுப் பட்டிருக்கிறது.

லேபிளில் 'கல்லூரா' இருக்கிறதா என்று பாருங்கள். 1996இல் டி.ஓ.சி.ஜி. (இத்தாலிய ஒயின்களுக்கான மிக உயர்ந்த தரச்சான்று) தகுதி பெற்றது, சார்தீனியாவில் அந்தத் தகுதி உள்ள ஒரே ஒயின் இதுதான். குறைந்தது 95% வெர்மெந்தீனோ திராட்சை இருக்க வேண்டும். 'வெர்மெந்தீனோ தி சார்தேன்யா' என்றிருந்தால் தீவில் எங்கிருந்தும் வந்திருக்கலாம்; பெரும்பாலும் இலகுவாக இருக்கும். கல்லூராவின் கருங்கல் மணலும் ஓயாத வடமேற்குக் காற்றும் தரும் இறுக்கம் அதில் குறைவு.

மட்டிப்பானை:
குளிர்ச்சியைப் பற்றிச் சொல்லாமல் சுவையைப் பற்றிப் பேச முடியாது. 10–12 டிகிரி சரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் பழ வாசனை அடங்கிப்போய்க் கசப்பு மட்டும் முன்னால் நிற்கும். கால் மணி நேரம் வெளியே வையுங்கள். 15 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும்.

உணவில் என் முதல் தேர்வு ஃப்ரேகொலாவும் மட்டியும். ஃப்ரேகொலா என்பது ரவையை உருட்டி வறுத்த சிறு மணிகள். இரண்டு பேருக்கு 160 கிராம் ஃப்ரேகொலா, முக்கால் கிலோ மட்டி. லிட்டருக்கு 30 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில் மட்டியை இரண்டு மணி நேரம் வைத்தால் மணலைக் கக்கும். தட்டியும் மூடாத மட்டியை எறிந்துவிடுங்கள். பூண்டு, ஆலிவ் எண்ணெய், அரை கிளாஸ் இதே ஒயின் சேர்த்து மூடிவைத்தால் சில நிமிடத்தில் வாய் திறக்கும். வந்த சாற்றை மெல்லிய துணியில் வடிகட்டி, அதிலேயே ஃப்ரேகொலாவை வேகவிடுங்கள், போதாவிட்டால் வெந்நீர். உப்புப் போடவே வேண்டாம். சாற்றில் இருக்கும் உப்பே ஒயினின் கசப்பை அமுக்கிவிடும். தக்காளி இரண்டு, மூன்று சிறியது போதும். அதிகமானால் உணவின் புளிப்பு ஒயினை மிஞ்சிவிடும், ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

சினைக்கட்டி:
மட்டிப்பானை சொன்ன உப்புக் கணக்குதான் பொத்தார்காவிலும். மடவை மீனின் சினைப்பையை உப்பிட்டு, அழுத்தி, உலர்த்தியது. தீவின் மேற்குக் கரையில் காப்ராஸ் ஊர் இதற்குப் பேர்போனது. 200 கிராம் ஸ்பகெட்டிக்கு 30 கிராம் துருவல். எண்ணெயில் தட்டிய பூண்டு வாசனை விட்டதும் பூண்டை எடுத்துவிட்டு, அடுப்பை அணைத்து, பாஸ்தாவையும் அது வெந்த நீரில் ஒரு கரண்டியையும் போட்டுக் கிளறி, கடைசியில் துருவலைத் தூவுங்கள். தீயில் இருக்கும்போதே போட்டால் துருவல் திரிந்து கசக்கும். அந்தக் கசப்பும் ஒயினின் கசப்பும் சேர்ந்தால் வாயில் வைக்க முடியாது.

ஆர்ட்டிசோக்கும் (முட்செடியின் மொட்டு, காயாகச் சமைப்பது) இந்த ஒயினுக்குப் பொருந்தும்.

உப்புக்காற்று:
ஆர்ட்டிசோக் விஷயத்தில் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன், சினைக்கட்டி. அதிலுள்ள சைனரின் என்ற பொருள் அடுத்த மிடறைத் தித்திப்பாக்கிவிடும், ஒயினின் உருவமே மாறிப்போகும். எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, உப்பும் எலுமிச்சையும் தூவினால் சமாளிக்கலாம், வேகவைத்தது வேண்டாம்.

மட்டிப்பானை:
ஒத்துவராதவை இன்னும் சில. மிளகாய்க் காரம்: ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டிவிடும், அதுவும் ஆல்கஹால் குறைந்தபட்சமே 13% இருக்கிற சுப்பீரியோரேயில் (இதே ஒயினின் உயர்ந்த வகை) நன்றாகவே தெரியும். தேன் ஊற்றிய செயாதாஸ் பலகாரத்தோடு குடித்தால் ஒயின் வெறும் புளிப்பு; அதற்கு இனிப்பு மொஸ்காத்தோ எடுங்கள். பெக்கொரீனோ பாலாடைக்கட்டி இளசாக இருந்தால் அருமை, முற்றியதற்குச் சார்தீனியாவின் சிவப்பு ஒயினான கன்னோனாவ்தான்.

திறந்த பாட்டிலை கார்க்கால் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் மிச்சத்தை மட்டி திறக்க வைத்துக்கொள்ளலாம்.