பத்தாவது இன்னிங்ஸ் வரை முட்டைக்கு முட்டை

1991-இல் அமெரிக்காவில் மினியாபொலிஸில் படித்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போய் இறங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, பேஸ்பால் என்றால் ஒரு மண்ணும் தெரியாது. அந்த அக்டோபரில் எங்கே போனாலும் ஹோமர் ஹேங்கி என்று ரசிகர்கள் ஆட்டும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை, மளிகைக் கடையில் பில் போடும் அம்மாகூட தோளில் ஒன்றைப் போட்டிருப்பார். முந்தைய வருடம் தத்தம் பிரிவில் கடைசியில் கிடந்த எங்கள் ஊர் அணி மினசோட்டா ட்வின்ஸும் அட்லாண்டா பிரேவ்ஸும், நாலு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை என்கிற வேர்ல்ட் சீரிஸ் இறுதிப் போட்டியில் 3-3 என்று வந்து நிற்கின்றன, பின்னே சும்மா இருப்பார்களா?

அக்டோபர் 27, ஞாயிறு இரவு, ஏழாவது ஆட்டம். வீட்டுக்காரப் பெரியவர் கீழே கூப்பிட்டு உட்கார வைத்தார். டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, பக்கத்தில் ரேடியோவை அலறவிட்டிருந்தார். டிவியில் பேசுகிறவர்களுக்கு நம்ம பையன்களைப் பற்றி என்ன தெரியும் என்பது அவர் கட்சி. நம்ம பிட்சர், அதாவது பந்து போடுகிறவர், ஜாக் மோரிஸ், பக்கத்து ஊரான செயின்ட் பாலில் பிறந்தவர், வயது 36. எதிரில் சின்ன வயதில் அதே மோரிஸைக் கொண்டாடி வளர்ந்த ஜான் ஸ்மோல்ட்ஸ், 24.

ஏழு இன்னிங்ஸ் 0-0. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கொட்டாவி வந்தது, மறைக்கவில்லை.

எட்டாவதில்தான் விழித்தேன். மூன்று பேஸையும் தொட்டு, அடிக்கிற இடமான ஹோமுக்குத் திரும்பினால் ஒரு ரன். முதல் பேஸில் இருந்த அட்லாண்டாவின் லோனி ஸ்மித் பந்து போடும்போதே ஓடத் தொடங்கிவிட்டார், அவர்கள் ஆள் பெண்டில்டன் அடித்த பந்து இடது பக்கமாக வேலி வரைக்கும் போகிறது, ஸ்மித் கண்ணை மூடிக்கொண்டு ஓடினாலும் ரன் வந்திருக்கும். ஆனால் நம்ம அணியின் நாப்லாக் என்ற புதுப் பையன் தரையில் உருண்டு வந்த பந்தைப் பிடித்து பக்கத்தில் நின்ற காக்னியிடம் போடுவது மாதிரி வெறுங்கையால் அபிநயம் பிடித்தார். ஸ்மித் இரண்டாவது பேஸ் தாண்டித் தயங்கி நின்று, கடைசியில் மூன்றாவதோடு சரி. தான் அதில் ஏமாறவில்லை, பந்து எங்கே போனது என்று தெரியவில்லை என்றுதான் பின்னாளில் ஸ்மித் சொன்னார். இருக்கலாம். ஒருவர்கூட அவுட் ஆகாமல் இரண்டு பேர் பேஸில் நின்றும் அட்லாண்டாவுக்கு ரன் வரவில்லை. சிட் பிரீம் அடித்ததை முதல் பேஸில் இருந்து ஹோமுக்கு எறிந்து, திரும்ப முதல் பேஸுக்கே எறிந்து டபுள் பிளே, ஒரே அடியில் இரண்டு பேர் அவுட். பெரியவர் எழுந்து நின்று சோபா முதுகில் இரண்டு கையாலும் குத்தினார். அடுத்த பாதியிலேயே நம்ம ஆட்களும் அதேபோல வாய்ப்பைக் கோட்டைவிட்டார்கள், அதைச் சொல்லவும் வேண்டும்.

வழக்கமான ஒன்பது இன்னிங்ஸும் 0-0 என்றே முடிந்ததும் மோரிஸை உட்கார வைக்க மேனேஜர் நினைத்தாராம், மனிதர் கேட்கவில்லை. பத்தாவதையும் அவரே போட்டார், மொத்தம் 126 பந்து. நம்ம ஆட்கள் அடிக்கும் கீழ்ப்பாதியில் கிளாடன் மட்டை உடைந்தும் இரண்டு பேஸ் எடுத்தார், அடுத்தவர் மெல்லத் தட்டிவிட்ட ஒரு பண்ட்டில் மூன்றாவதுக்குப் போனார், அடுத்த இருவருக்கும் வேண்டுமென்றே வாக், அதாவது அடிக்க விடாமல் சும்மா முதல் பேஸ், கொடுத்தார்கள். அப்புறம் முட்டி சரியில்லாத ஜீன் லார்கின் வந்து முதல் பந்தையே, முன்னால் வந்து நின்றிருந்த ஃபீல்டர் தலைக்கு மேலே தூக்கினார். 1-0. தெருவில் விடிய விடிய ஹாரன்.

நாலாம் நாள் ஹாலோவீனன்று பனி கொட்ட ஆரம்பித்து ஊருக்கு 28 அங்குலம் விழுந்தது. நான் பார்த்த முதல் பனி. பெரியவர் மண்வாரி மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து வாசலைத் தள்ளச் சொல்லிவிட்டு, அவன் மட்டும் நிற்காமல் ஓடியிருந்தால் என்று மறுபடி ஸ்மித் கதையை ஆரம்பித்தார்.