ஒரே பேர் டிக்‌ஷனரியில ரெண்டு தடவை வருது, பைதான் தெரிஞ்சவங்க உதவுங்க

கொழுந்துக்கூடை:
வணக்கம். இலங்கை மலையகத்தில பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில இருக்கேன். ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) எழுதிட்டு ரிசல்ட் வரும்வரைக்கும் பைதான் புரோகிராமிங் படிக்கிறேன், இப்பதான் மூணு வாரம். ஃபோன்ல இருந்து எழுதுறதால கோடையும் தமிழ் எழுத்திலயே போடுறேன், பொறுத்துக்குங்க.

வகுப்பில தந்த பயிற்சி இதுதான்: ஃபைல்ல பேரும் மார்க்கும் இருக்கும், டிக்‌ஷனரியில போட்டுக் கூட்டி இன்னொரு ஃபைல்ல எழுதணும். டிக்‌ஷனரின்னா பேருக்கு எதிரே மதிப்பை வைக்கிற பட்டியல், அந்தப் பேருக்குத்தான் கீன்னு சொல்றாங்க. மார்க் எனக்கு அலுத்துப்போச்சு. அதனால அம்மா வேலை செய்யிற கூட்டத்தோட கொழுந்து நிறையைப் போட்டேன். காலை, பகல், அந்தின்னு மூணு தடவை நிறுப்பாங்க, ஆகவே ஒரு ஆளுக்கு மூணு வரி. ‘கோமதி,7.5’ இப்படி.

முதல்ல எல்லாருக்கும் அந்தி நிறை மட்டும்தான் வந்துச்சு. மொத்தம்[பேர்] = கிலோ என்று எழுதினதால பழையதை அழிச்சுட்டுப் புதுசு உட்கார்ந்துடுதுன்னு நானே கண்டுபிடிச்சேன். மொத்தம்[பேர்] += கிலோ என்று மாத்தினா முதல் வரியிலயே கீ எரர். அந்தப் பேர் இன்னும் உள்ள இல்லையே, எதோட கூட்டும்? இப்ப மொத்தம்[பேர்] = மொத்தம்.கெட்(பேர், 0) + கிலோ, பேர் இல்லாட்டி 0 எடுத்துக்கும். எரர் போச்சு. ஆனா பொன்னம்மா, கோமதி, செல்லம்மா மூணு பேரும் ரெண்டு ரெண்டு தடவை வர்றாங்க. மத்தவங்க சரி. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு.

பண்டாரவளைப் பனி:
பேய் இல்ல தங்கச்சி, ஸ்பேஸ். கமாவுக்கு முன்னால எங்கயாவது இடைவெளி விழுந்திருக்கும். ‘செல்லம்மா’ வேற கீ, பின்னால ஒரு ஸ்பேஸோட இருக்கிற ‘செல்லம்மா ’ வேற கீ. கமாவில ஸ்ப்ளிட் பண்ணிப் பிரிச்சதும் பேர் = பேர்.ஸ்ட்ரிப்() போடுங்க, ஓரத்து ஸ்பேஸை வெட்டிடும். கிலோவுக்குத் தேவையில்ல, அதை எண்ணா மாத்துற ஃப்ளோட் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியையும் வரி முடிவுக் குறியையும் தானே தள்ளிடும்.

கொழுந்துக்கூடை:
அண்ணா, செல்லம்மா ஒண்ணாயிட்டாங்க! பொன்னம்மாவும் கோமதியும் இன்னும் ரெண்டாத்தான் இருக்காங்க.

ரயில்பாதை:
பொன்னம்மா ஃபைல்ல முதல் வரியா? நோட்பேட்ல சில நேரம் ஃபைல் தொடக்கத்தில கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி சேர்ந்துடும். அப்படின்னா ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங்கை (எழுத்தைச் சேமிக்கிற முறையை) ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுக்கணும்.

கொழுந்துக்கூடை:
இல்லை, நாலாவது வரி. கோமதி அதுக்கும் கீழே.

பண்டாரவளைப் பனி:
அப்ப அது இல்ல. ஒவ்வொரு கீயோடயும் லென்(பேர்), அதாவது எத்தனை குறி இருக்குன்னு சேர்த்து பிரிண்ட் பண்ணிப் பாருங்க. இன்னொண்ணு, எல்லா வரியும் ஒரே மெஷின்லயா டைப் பண்ணினீங்க?

கொழுந்துக்கூடை:
ஒரு பொன்னம்மாவுக்கு 9, மத்தவங்களுக்கு 10. கோமதி 5, 6. எப்படி??

டைப் பண்ணின கதை வெட்கம். முதல் தடவை மொத்தத்தை எழுதும்போது தவறி அதே ஃபைலை ‘டபிள்யூ’ போட்டுத் திறந்துட்டேன். எல்லாம் காலி. அம்மாவோட கொப்பியைப் பார்த்து, காலை நிறையை நான் லேப்டாப்பிலயும் மிச்சத்தைத் தம்பி அவன் ஃபோன்லயும் திரும்ப அடிச்சோம்.

பண்டாரவளைப் பனி:
அதுதான் விஷயம். ‘டபிள்யூ’ திறக்கிற நொடியிலயே ஃபைலைத் துடைச்சிடும், நீங்க ஒரு எழுத்துக்கூட எழுதாட்டியும். பின்னால சேர்க்க ‘ஏ’. இது எல்லாரும் ஒரு தடவையாவது படுற பாடு.

இப்ப பொன்னம்மா. ‘பொ’வில வர்ற ஒகரக் குறியை யூனிகோட்ல (கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் வைக்கிற முறை) ரெண்டு விதமா எழுதலாம். ஒரே குறியாகவும் வைக்கலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வைக்கலாம். திரையில வித்தியாசமே தெரியாது. ‘கோ’வும் அப்படித்தான், ‘கௌ’வும் அப்படித்தான். ஒரு கீபோர்ட் ஒண்ணா அடிச்சிருக்கு, மத்தது பிரிச்சு அடிச்சிருக்கு. செல்லம்மாவில கொம்பு மட்டும்தான், அதனால தப்பிச்சாங்க. பைதானுக்கு 9 குறியும் 10 குறியும் ஒரே கீயாகாது.

மேலே இம்போர்ட் யூனிகோட்டேட்டா. பிறகு பேர் = யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்(‘என்எஃப்சி’, பேர்). எல்லாத்தையும் ஒரே குறியா சேர்த்துடும். ஆனா ‘கௌ’வில பின்னால வர்ற, ‘ள’ மாதிரித் தெரியிற குறிக்குப் பதிலா ளகரத்தையே யாராவது அடிச்சிருந்தா இது காப்பாத்தாது, அது நிஜமாவே வேற எழுத்து.

ஒரு வேடிக்கை: வேரியபிளுக்குத் தமிழ்ல பேர் வச்சா பைதான் அதைத் தானே சமப்படுத்திக்கும். மேற்கோளுக்குள்ள இருக்கிற ஸ்ட்ரிங்குல கை வைக்காது. இன்னொண்ணு, தமிழ் எண்ணில இன்ட்(‘௧௮’) போட்டுப் பாருங்க, 18 என்றே வரும்!

கொழுந்துக்கூடை:
வந்துடுச்சு அண்ணா!! பொன்னம்மா ஒண்ணு, கோமதி ஒண்ணு. ரெண்டு நாள் மண்டையை உடைச்சேன். வெளியீட்டு ஃபைலுக்கும் யூடிஎஃப்-8 கொடுத்தேன், தமிழ் ஒழுங்கா விழுது.

ஓய்வுபெற்ற செக்ரோல்:
பிள்ளை, எனக்குப் பைதான் தெரியாது. என் மகன் காட்டினான், வாசிச்சேன். தோட்டத்துக் கணக்கு எழுதின ஆள் நான். பேரை வச்சா கணக்குப் பார்க்கிறீங்க? செக்ரோல்ல (தோட்டத்து ஆள் கணக்குப் புத்தகத்தில) ஒவ்வொருத்தருக்கும் நம்பர் இருக்கிறது எதுக்கு? அந்த மொத்தத்தை உங்க அம்மாகிட்ட ஒருக்கா காட்டுங்க.

கொழுந்துக்கூடை:
ஐயா, காட்டினேன். அம்மா பார்த்த உடனே சிரிச்சாங்க. “செல்லம்மா 43 கிலோவா? யாருடி அது, ஒத்தை ஆளா மலையையே பறிச்சது?” எங்க கூட்டத்தில பெரிய செல்லம்மா, சின்ன செல்லம்மான்னு ரெண்டு பேர் இருக்காங்களாம். ரெண்டு பேரையும் நான் ஒரே கீயில போட்டுக் கூட்டியிருக்கேன். எரர் ஒண்ணும் வரல்ல, அதனால சந்தேகமே வரல்ல. இந்த மாதிரிக் கணக்கில சின்ன செல்லம்மா அரைப்பேரா முழுப்பேரா, அதாவது அரைநாள் சம்பளமா முழுநாள் சம்பளமா என்றே தெரியாது.

இப்ப ஒவ்வொரு வரியும் ‘நம்பர்,பேர்,கிலோ’. கீ நம்பர். பேரை வேற டிக்‌ஷனரியில வச்சுக்கிட்டேன். தம்பி சில இடத்தில 07 என்றும் சில இடத்தில 7 என்றும் அடிச்சிருக்கான், அதுக்கு என்ன பண்றது?

பண்டாரவளைப் பனி:
கீயை இன்ட்(நம்பர்) ஆக்கிடுங்க, ரெண்டும் 7 ஆகிடும். ஆனா தேடும்போதும் 7 என்றே கேளுங்க, மேற்கோளுக்குள்ள ‘7’ என்று கேட்டா மறுபடி கீ எரர்தான்.

தம்பிக்கு இனி ஃபைலைக் கொடுக்காதீங்க.