நீரிலும் ஓடும் கார்: விபத்து நேர்ந்தால் தயாரித்தவர் பொறுப்பா?

மாறன்: அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் பழைய ஜீப்பின் அடிச்சட்டத்தில் படகு உடலைப் பொருத்தி விற்க நினைக்கிறார். "பராமரிப்புக் குறிப்பைக் கொடுத்துவிட்டால் என் பொறுப்பு முடிந்தது" என்கிறார். சரிதானா?

தேவகி: இல்லை, பொறுப்பு அதோடு முடியாது. சியாட்டில் நகரில் நடந்ததைப் பாருங்கள். 2015 செப்டம்பரில் அரோரா பாலத்தில் 'டக்' எனப்படும், நிலத்திலும் நீரிலும் ஓடும் சுற்றுலா வண்டி ஒன்றின் முன் அச்சு முறிந்து, அது எதிரே வந்த பேருந்தில் மோதியது. ஐந்து கல்லூரி மாணவர்கள் இறந்தார்கள். அந்த அச்சை வலுப்படுத்தும்படி 2013-லேயே உற்பத்தி நிறுவனம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. வண்டிகளை முறைப்படி திரும்ப அழைக்கவில்லை. 2019-இல் நடுவர் குழு விதித்த 12.3 கோடி டாலர் இழப்பீட்டில் பெரும்பங்கு அந்த நிறுவனத்தின் மீதே விழுந்தது. சுற்றறிக்கை அதைக் காப்பாற்றவில்லை.

செழியன்: தண்ணீரிலும் இதே கதை. 1999-இல் ஆர்கன்சா மாநிலத்தில் 'மிஸ் மெஜஸ்டிக்' என்ற டக் வண்டி மூழ்கி 13 பேர் இறந்தார்கள். சுழல்தண்டின் ரப்பர் உறை கழன்று நீர் புகுந்தது; மேற்கூரை பயணிகளை உள்ளேயே அடைத்துவிட்டது. கூரையை அகற்றுங்கள், நீர் நிறைந்தாலும் மிதக்கும்படி செய்யுங்கள் என்று விசாரணை வாரியம் சொன்னது. 2018-இல் மிசௌரி மாநிலத்தின் பிரான்சனில் மூழ்கிய டக் வண்டியிலும் கூரை இருந்தது. 17 உயிர்கள்! நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

மாறன்: கூரை வைக்கத்தான் திட்டமிட்டிருக்கிறார். இன்றே பேசுகிறேன்.

தேவகி: காப்பீடு கிடைக்குமா என்பதையும் முதலில் கேட்கச் சொல்லுங்கள்.