மேற்கத்திய ஹிட் பாடல்களை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

யாழினி (இரவு 8.05): பெரிய மாமா, கேட்டே ஆக வேண்டிய மேற்கத்தியப் பாடல்கள் எவை என்று தேடினால் நூறு, ஐந்நூறு என்று பட்டியல்கள்தான் வருகின்றன. வரிசையாகக் கேட்டால் பத்தாவது பாடலுக்கு வருவதற்குள் முதல் பாடல் மறந்துபோகிறது. எங்கிருந்து தொடங்கலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

பெரிய மாமா (8.19): பட்டியலை ஒதுக்கி வைத்துவிடு, யாழினி. ஒரே ஊர், ஒரே வீடு, ஏறத்தாழ ஒரே வாத்தியக் குழு என்று பிடித்துக்கொண்டு கேட்டால் காது தானாகப் பழகிவிடும். நான் சொல்வது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களை. அங்கே கார் தொழிற்சாலையில் வேலை பார்த்திருந்த பெர்ரி கோர்டி, 1959-இல் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் பெற்று அந்த நிறுவனத்தைத் தொடங்கினார். வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் ஒரு சாதாரண வீட்டை வாங்கி, வாசலில் ‘ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ.’ என்று பலகை எழுதி வைத்து, உள்ளேயே ஒலிப்பதிவுக் கூடத்தையும் அமைத்துக்கொண்டார். வெள்ளையர், கறுப்பர் என்று வானொலியே பிரிந்து கிடந்த அந்த நாட்டில், கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களை எல்லா வீடுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த வீடு.

முதலில் டெம்ப்டேஷன்ஸ் குழுவின் ‘மை கேர்ல்’ பாடலைக் கேள். 1964 டிசம்பரில் வெளிவந்து, 1965 மார்ச்சில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. பாடகரை விட்டுவிட்டு, தொடக்கத்தில் வரும் பேஸ் கிட்டாரை மட்டும் முதலில் கவனி.

சித்தி (8.41): அண்ணா, நீங்கள் சொன்ன பாடலை அடுப்படியிலேயே கைபேசியில் போட்டுக் கேட்டேன். குரல் மிக இனிமையாக இருக்கிறது, விரலைச் சொடுக்கும் ஒலியும் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன பேஸ் கிட்டார் எனக்கு ஏறக்குறையக் கேட்கவே இல்லை.

பெரிய மாமா (8.52): கைபேசியின் சின்ன ஒலிபெருக்கிக்குத் தாழ்ந்த சுரங்களை எழுப்பும் வலு கிடையாது, அம்மா. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அதே பாடலின் முதல் அரை நிமிடத்தை மட்டும் மறுபடி கேள். முதலில் பேஸ் தனியாக, இதயத் துடிப்பைப் போல வரும். அதன்மேல் ராபர்ட் ஒயிட்டின் கிட்டார் படிப்படியாக மேலே ஏறும் ஒரு சிறு இசைத்தொடரை வாசிக்கும். அதற்குப் பிறகுதான் டேவிட் ரஃபின் பாடத் தொடங்குவார். வயலின்களும் பித்தளை வாத்தியங்களும் ஒவ்வொன்றாக வந்து சேரும். நடுவில் வாத்திய இசை முடிந்ததும் பாடல் முழுவதும் ஒரு படி மேல் சுருதிக்குத் தாவும். மூன்று நிமிடத்துக்கும் குறைவான ஒரு பாடலுக்குள் இவ்வளவு கட்டுமானம் இருக்கிறது என்பதை வாத்தியங்களைப் பிரித்துக் கேட்கும்போதுதான் உணர முடியும்.

சித்தி (9.04): இப்போது கேட்கிறது, அண்ணா. அந்தப் பேஸ் இல்லாமல் பாடலே இல்லை என்று தோன்றுகிறது. இதை வாசித்தவர் யார்?

பெரிய மாமா (9.20): ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே தந்தியை மீட்டியவர். அந்த விரலுக்குச் சக கலைஞர்கள் ‘கொக்கி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். பழைய தந்திகளை மாற்றவே மாட்டார்; தந்திகளுக்கடியில் ஒரு நுரைப்பஞ்சுத் துண்டு இருக்கும். அதனால்தான் அந்த ஒலி நீண்டு ரீங்கரிக்காமல் தடித்து, உருண்டு, சட்டென்று அடங்குகிறது. அவரும் அவருடைய கூட்டாளிகளும் இரவில் டெட்ராய்ட் விடுதிகளில் ஜாஸ் வாசித்தவர்கள். பகலில் அந்தச் சிறிய கூடத்துக்கு வந்து, யார் பாடினாலும் அவர்களுக்குப் பின்னால் இவர்களே வாசித்தார்கள். தங்களை ஃபங்க் பிரதர்ஸ் என்று அழைத்துக்கொண்டார்கள். இசைத்தட்டு உறைகளில் பல ஆண்டுகள் இவர்களுடைய பெயர் அச்சாகவே இல்லை. உலகம் முழுவதும் கேட்ட பாடல்களை உருவாக்கியவர்களுக்கு இப்படி நேர்ந்தது இன்றைக்கும் என் மனத்தை உறுத்துகிறது.

அப்பா (9.33): மச்சான், எனக்கு ஆங்கிலப் பாடலில் சொற்கள் பிடிபடுவதில்லை. வாத்தியத்தை ரசிக்கத் தெரியாதவன் இந்தப் பாடல்களுக்குள் எப்படி நுழைவது?

பெரிய மாமா (9.47): மாப்பிள்ளை, உங்களுக்கு ஒரே பாடலின் இரண்டு வடிவங்களைச் சொல்கிறேன், அடுத்தடுத்துக் கேட்டால் சொல் புரியாமலேயே வேறுபாடு புரிந்துவிடும். ‘ஐ ஹெர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்’ என்ற பாடலை நார்மன் விட்ஃபீல்டும் பாரெட் ஸ்ட்ராங்கும் எழுதினார்கள். காதலி வேறொருவரை விரும்புகிறாள் என்பதை ஊர்ப்பேச்சின் வழியாகத் தெரிந்துகொள்ளும் ஒருவனுடைய வேதனைதான் பொருள். இதை 1967-இல் கிளாடிஸ் நைட்டும் பிப்ஸ் குழுவினரும் பாடி வெளியிட்டபோது வேகமாக, சண்டைக்கு நிற்பது போலப் பாடினார்கள். பெண் குரல் என்பதால் அங்கே துரோகம் செய்தவன் ஆண். அது தரவரிசையில் இரண்டாம் இடம் வரை சென்றது.

மார்வின் கே பாடிய வடிவம் அதற்கு முன்பே பதிவாகிவிட்டது. ஆனால் கோர்டி அதைத் தனி இசைத்தட்டாக வெளியிட ஒப்பவில்லை. 1968-இல் ஒரு தொகுப்பில் இடம்பெற்றபோது வானொலி அறிவிப்பாளர்கள் தாங்களாகவே எடுத்து ஒலிபரப்ப, வேறு வழியின்றித் தனி இசைத்தட்டாகவும் வெளியிட்டார்கள். ஏழு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. இந்த வடிவம் மெதுவாக, அச்சத்தோடு நகர்கிறது. தொடக்கத்தில் மின்பியானோ பதுங்கிப் பதுங்கி வரும். விட்ஃபீல்ட் வேண்டுமென்றே மார்வினுக்கு எட்டாத உயரத்தில் சுருதியை வைத்தார். அதனால் குரல் நெருக்குண்டு, தழுதழுத்து வெளிவருகிறது. அந்த மனிதன் படும் பாடு அந்தக் குரலிலேயே தெரியும். அதற்கு அகராதி வேண்டியதில்லை.

அப்பா (10.06): இரண்டையும் கேட்டேன், மச்சான். முதல் பாடலில் கோபம் இருக்கிறது. இரண்டாவதில் உறக்கமில்லாதவனின் குரல் கேட்கிறது. எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது.

கதிர் அண்ணன் (10.11): மாமா, இவை எல்லாமே காதல் பாடல்களாக இருக்கின்றனவே. அந்தக் காலத்து அமெரிக்காவில் வியட்நாம் போர், இனக் கலவரங்கள் எல்லாம் நடந்துகொண்டிருந்தனவே. அந்த வீட்டிலிருந்து அவற்றைப் பற்றி ஒரு பாடலும் வரவில்லையா?

பெரிய மாமா (10.34): வந்தது, கதிர். என் கருத்தில் அங்கே பிறந்தவற்றுள் தலைசிறந்தது அந்தப் பாடல்தான். ஃபோர் டாப்ஸ் குழுவைச் சேர்ந்த ஒபி பென்சன், 1969-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இளைஞர்களைக் காவலர்கள் அடித்ததைப் பார்த்து மனம் கலங்கி, அல் கிளீவ்லாந்துடன் சேர்ந்து ஒரு பாடலை எழுதத் தொடங்கினார். மார்வின் கே அதை ஏற்று மெருகூட்டினார். அவருடைய தம்பியே வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பியவர். ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ என்ற அந்தப் பாடலைக் கோர்டி விரும்பவில்லை. ஆயினும் 1971 ஜனவரியில் வெளியாகி இரண்டாம் இடம் வரை ஏறியது.

தொடக்கத்தில் வரும் சாக்ஸபோனைக் கேள். ஈலை ஃபோன்டெய்ன் என்பவர் வாத்தியத்தைச் சரிபார்க்க வாசித்துப் பார்த்ததுதான் அது; அதுவே போதும் என்று மார்வின் சொல்லிவிட்டார். மார்வினின் குரலும் இரண்டாகக் கேட்கும். தேர்ந்தெடுப்பதற்காகத் தனித்தனியே பதிவு செய்த இரண்டு பாட்டுகளை ஒலிப்பதிவாளர் தற்செயலாகச் சேர்த்து ஒலிக்கவிட, ஒருவரே தமக்குத் தாமே பதில் சொல்வது போன்ற அழகு பிறந்தது. அதையும் மார்வின் அப்படியே வைத்துக்கொண்டார். ஜேமர்சனை அன்றிரவு ஒரு விடுதியிலிருந்து அழைத்து வந்தார்கள். குடித்திருந்ததால் நிமிர்ந்து உட்கார முடியாமல், தரையில் மல்லாந்து படுத்தபடி வாசித்தார் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வாசிப்பில் எந்தத் தடுமாற்றமும் தெரியாது. அதே ஆண்டு மே மாதம் வந்த தொகுப்பின் உறையில்தான் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் முறையாக அச்சாயின. ஜேமர்சனின் பெயருக்கு முன்னால் ‘ஒப்பற்ற’ என்ற அடைமொழியும் இருந்தது.

கதிர் அண்ணன் (10.49): அந்தத் தொகுப்பை முழுமையாகக் கேட்க வேண்டுமா, மாமா, இந்த ஒரு பாடல் மட்டும் போதுமா?

பெரிய மாமா (10.55): முழுவதையும் கேள். ஒரு பாடல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் தெரியாதபடி பின்னியிருக்கிறார்கள். கைபேசிச் செயலியில் பாடல்களை வரிசை மாற்றிப் போடும் வசதியை மட்டும் நிறுத்திவிடு; இல்லாவிட்டால் அந்தப் பின்னல் அறுந்துபோகும்.

யாழினி (11.02): மாமா, நாளை கல்லூரிப் பேருந்தில் கேட்பதற்கு ஒரே ஒரு பாடல் சொல்லுங்கள். காலை நேரத்துக்கு ஏற்ற, உற்சாகமான பாடலாக இருந்தால் நல்லது.

பெரிய மாமா (11.08): ஸ்டீவி ஒண்டரின் ‘ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்’ பாடலைக் கேள். மெதுவாகப் பாடுவதற்கென்று எழுதப்பட்ட பாடலை அவர் துள்ளலாக மாற்றிப் பாடினார். 1968-இல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 18. நடுவில் வரும் மவுத் ஆர்கனும் அவர் வாசித்ததுதான். முதல் முறை பாட்டைக் கேள். இரண்டாம் முறை ஜேமர்சனை மட்டும் பின்தொடர்ந்து போ. ஒரே அடியை இரண்டு முறை வாசிக்க மனமில்லாதவர் போல அவர் ஓடிக்கொண்டே இருப்பார். இயர்போனை மறந்துவிடாதே.