'வஸலூ அத்-துல்லாபு' என்றே வருகிறது: மாதிரி வாக்கியங்கள் கேட்டால் சரியாகுமா?

கேள்வி
எழுவாய்க்கு முன்னால் வினை வந்தால், எழுவாய் பன்மையானாலும் வினை ஒருமை என்ற விதி அரபு கற்கும் மாணவர்களுக்குத் தெரியும். தேர்வில் சரியாக எழுதுகிறார்கள். பேசும்போது மட்டும் 'வஸல அத்-துல்லாபு' (மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள்) என்பதில் ஒருமை வினையான 'வஸல' பன்மை வடிவமான 'வஸலூ' ஆகிவிடுகிறது. நிறையக் கேட்க வைத்தால் போதுமா?

பதில் 1
போதாது. 'துல்லாபு' என்ற சொல்லே பன்மையைச் சொல்லிவிடுவதால், வினையின் ஈற்றைக் கவனிக்காமலே பொருள் விளங்கிவிடும். தமிழில் 'வந்தார்கள் மாணவர்கள்' என்று முறைமாற்றினாலும் வினை பன்மைதான். அந்தப் பழக்கம் வேறு இழுக்கும்.

கேட்டதும் சொல்ல வைக்க வேண்டும். ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னவர்கள், அடுத்து வரும் தொடர்பில்லாத படத்தையும் அதே அமைப்பில் விவரிக்க முனைவதை உளவியலாளர் கேத்ரின் பாக் 1986-இல் காட்டினார். அதையே பயிற்சியாக்குங்கள்: வாக்கியம் கேள், திருப்பிச் சொல், உடனே வேறொரு படத்தைச் சொல். முதல் நான்கு படங்களுக்கு அதே வினை இருக்கட்டும், பிடிப்பு எளிது. பிறகு வினையை மாற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் 'வஸல' மட்டும் மனப்பாடமாகி, 'ரஜஅ' (திரும்பினான்) வந்ததும் பழைய பிழை திரும்பும்.

பதில் 2
என் கணிப்பில் இரட்டை வினை வாக்கியம்தான் சிறந்த மாதிரி: 'வஸல அத்-துல்லாபு வ ஜலஸூ'. எழுவாய்க்கு முன் ஒருமை, பின் பன்மை. வேறுபாடு ஒரே மூச்சில் காதில் விழுகிறது. தமிழருக்கு இதில் ஒரு பிடி உண்டு. 'மாணவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்' என்பதில் 'வந்து' எண் காட்டுவதில்லை, 'உட்கார்ந்தார்கள்' காட்டுகிறது. ஆனால் 'வந்து' பாலும் காட்டாது, அரபு வினை காட்டும்: 'வஸலதித்-தாலிபாது வ ஜலஸ்ன' (மாணவிகள் வந்து உட்கார்ந்தார்கள்). இதை விட்டால் மாணவிகளுக்கும் 'வஸல' என்றே வரும்.

பதில் 3
எதைக் கேட்க வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். இன்றைய பேச்சு வழக்குகள் பலவற்றில் வினை முன்னால் வந்தாலும் பன்மைதான். பேச்சு வழக்கில் வரும் நாடகமும் எழுத்து வழக்கில் வரும் செய்தியும் கலந்து கேட்பவருக்கு இரண்டு மாதிரியும் பதியும். பழைய இலக்கணிகளும் இதை அறிந்திருந்தார்கள்: 'அகலூனீ அல்-பராகீஸ்' (தெள்ளுப்பூச்சிகள் என்னைத் தின்றன) என்ற வாக்கியத்தாலேயே அந்த வழக்குக்குப் பெயரிட்டார்கள். ஆகவே தொடக்கத்தில் செய்தி அறிக்கை மட்டும். அதிலும் தலைப்புகளை விட்டுவிட்டு, வினையில் தொடங்கும் உட்பகுதி வாக்கியங்களை எடுங்கள்.

முதல் தொகுப்பில் அஃறிணைப் பன்மை வேண்டாம். 'வஸலதிஸ்-ஸய்யாராது', 'அஸ்-ஸய்யாராது வஸலத்': கார்கள் முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் பெண்பால் ஒருமைதான். கற்பிக்க நினைக்கும் வேறுபாடே அங்கே மறைந்துவிடும்.