பொருள்: துணை மானியமா, குறைநிரப்பா, மிகையா?

நண்பர்களே,
அரசியல் அறிவியல் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இந்திய அரசமைப்பின் 115ஆம் உறுப்பில் வரும் சப்ளிமெண்டரி, அடிஷனல், எக்ஸஸ் என்ற மூவகை மானியங்களுக்கும் (அரசின் செலவுக்கு நாடாளுமன்றம் ஒப்பளிக்கும் தொகைகளுக்கும்) வரைவில் "கூடுதல் மானியம்" என்றே இருக்கிறது. பிரித்துக்காட்டச் சொல் வேண்டும்.

———
கட்டாயம் பிரிக்க வேண்டும். முதல் இரண்டும் செலவுக்கு முன் கேட்பவை: ஒதுக்கியது போதவில்லை, அல்லது பட்ஜெட்டில் இல்லாத புதுப்பணி வந்துவிட்டது. மார்ச் 31க்குள் மக்களவை வாக்களித்து, நிதி ஒதுக்கச் சட்டமும் நிறைவேற வேண்டும். எக்ஸஸ் நேர்மாறு. ஆண்டு முடிந்து, ஒதுக்கீட்டுக் கணக்கின் தணிக்கையில் மீறல் தெரிந்து, நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு காரணம் கேட்ட பிறகே கோரிக்கை வரும். சப்ளிமெண்டரிக்குத் "துணை மானியம்" வழக்கில் உள்ளதே.

———
ஐயா, துணைவேந்தர், துணைத்தலைவர் என்று பழகிய மாணவருக்குத் "துணை" அடுத்த படியில் இருப்பதாகவே படும். இலங்கையில் நாங்கள் "குறைநிரப்பு மதிப்பீடு" என்கிறோம். செய்தித்தாள் வாசிப்பவருக்கும் விளங்கும்.

———
> குறைநிரப்பு மதிப்பீடு

அழகான சொல். ஆனால் பணக்குறையே இல்லாமலும் கோரிக்கை வருகிறதே! ஒரு தலைப்பில் மிச்சம் இருந்தாலும் அதைப் புதுப்பணிக்குத் திருப்ப அவையின் ஒப்புதல் தேவை. அதற்கு ஒன்றிய அரசு இனத்துக்கு ரூ.1 லட்சம் மட்டும் அடையாளமாகக் கேட்கும். வருவாய்ப் பிரிவின் (அன்றாடச் செலவு) மிச்சத்தை மூலதனப் பிரிவுக்கு (சொத்து உருவாக்கும் செலவு) கொண்டுபோவதானால் முழுத்தொகைக்கும் கோரிக்கை வைக்க வேண்டும். கருவூலத்திலிருந்து புதிதாக ஒரு ரூபாயும் போகாது. இங்கே எந்தக் குறையை நிரப்புகிறோம்?

———
"காத்த வகுத்தலும் வல்லது அரசு" (குறள் 385). ஒதுக்கீட்டுக்கு வள்ளுவரே சொல் தந்திருக்கிறார். மானியம் வடசொல்; அதை விட்டு வகுப்பு, துணைவகுப்பு, மிகைவகுப்பு என்று ஒரே வேரில் கட்டலாம். "உடம்பும் மிகை" (345) என்பதில் வேண்டாத சுமை என்ற பொருளும் ஏறியிருக்கிறது. அனுமதியின்றிச் செய்த செலவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

———
பாடநூலில் "துணைவகுப்பு" என்றால் மாலை நேரத் தனிப்பயிற்சி என்றுதான் படிப்பார்கள். "மிகை"யிலும் சிக்கல்: பற்றாக்குறை பட்ஜெட்டுக்கு எதிராக "மிகை பட்ஜெட்" என்று முந்தைய பாடத்திலேயே வருகிறது. அங்கே மிகை என்றால் வரவு மிச்சம். இங்கே செலவு மீறல். "மிகைச்செலவு மானியம்" என்று செலவையும் சேர்த்தே எழுதுங்கள்.

———
நன்றி. துணை மானியம், புதுப்பணி மானியம், மிகைச்செலவு மானியம் என்று அனுப்புகிறேன். "குறைநிரப்பு" சொல்லடைவில் இலங்கை வழக்காக இடம்பெறும்.

———
மானியம் என்றதும் உர மானியமும் எரிவாயு மானியமும்தான் மாணவர் நினைவுக்கு வரும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வகுத்தலே சரி.