வீட்டுக் கோவாவுக்கு மருந்தா, வலையா?

லயத்துப் பாத்தி (ஹட்டன் பக்கம்)
தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு (வரிசை வீட்டுக்கு)ப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. கோவா (முட்டைக்கோஸ்), நோக்கோல், போஞ்சி, ஓரத்தில் ஒரு சௌசௌப் பந்தல். வீட்டுச் சாப்பாட்டுக்குத்தான், மிஞ்சினால் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுப்போம். இந்த முறை கோவா உருண்டு வருகிற நேரத்தில் இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது. இலையைத் திருப்பிப் பார்த்தால் சின்னச் சின்னப் பச்சைப் புழு. விரல் பட்டதும் துடித்துக்கொண்டு பின்னால் போகிறது, அப்புறம் நூல் விட்டுத் தொங்கிவிடுகிறது. டவுனில் ஒரு கடையில் கேட்டேன். சின்னப் போத்தலில் மருந்தை ஊற்றிக் கொடுத்து, "ரெண்டு மூடி கலந்து அடிங்க, புழு நிக்காது" என்றார்கள். போத்தலில் லேபல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அடித்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு கேட்கவில்லை, பிள்ளைகள் நோக்கோலைப் பிடுங்கிப் பச்சையாகவே தின்கிறார்கள். என்ன செய்யலாம்?

பண்டாரவளை டீச்சர்
தங்கச்சி, அந்தப் போத்தலைத் திறக்கவே வேண்டாம். நீங்கள் பார்த்தது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. துடிப்பதும் நூலில் தொங்குவதும்தான் அதன் அடையாளம். மருந்துக்குப் பழகிக்கொள்வதில் அதை மிஞ்சுகிற பூச்சிகள் குறைவு. 1953-லேயே ஜாவாவில் டி.டி.டி. (DDT) என்ற பூச்சி மருந்துக்கு மசியாமல் நின்றது அது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ மருந்துகளையும் பல நாடுகளில் தாண்டி வந்துவிட்டது. நான் வீட்டுத் தோட்டத்தில் இரசாயனம் எதுவும் அடிப்பதில்லை. வேப்பெண்ணெய், பூண்டு மிளகாய்க் கரைசல், அதற்கும் கேட்காவிட்டால் புகையிலைக் கஷாயம். எல்லாம் இயற்கை, யாருக்கும் கெடுதல் இல்லை.

வெலிமடைக்காரன்
டீச்சர், லேபல் இல்லாத மருந்தைத் தொடக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம். உள்ளே இருப்பது என்ன, எத்தனை மில்லி கலக்க வேண்டும், அடித்த பிறகு எத்தனை நாள் பிடுங்கக் கூடாது, எல்லாம் லேபலில்தான் இருக்கும். அது இல்லாமல் விற்பது பெரிய அநியாயம்.

ஆனால் புகையிலைக் கஷாயத்தால் கெடுதல் இல்லை என்று பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குச் சொல்லாதீர்கள். அதில் இருப்பது நிக்கோட்டின், தோல் வழியாகவே உடம்பில் ஏறும் நஞ்சு. பக்கத்தில் தக்காளி இருந்தால் புகையிலையிலிருந்து வைரஸ் நோயும் தொற்றிக்கொள்ளும். செடியிலிருந்து எடுத்தது என்பதற்காக நஞ்சு நஞ்சில்லாமல் போகாது.

நான் கோவாவும் போஞ்சியும் போட்டுத்தான் குடும்பம் நடத்துகிறேன். 2021 மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயன உரத்தையும் மருந்தையும் இறக்குமதி செய்யக் கூடாது என்று ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் அவர்களே தளர்த்தினார்கள். இடையில் மரக்கறிக்காரர்கள் பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். மருந்தே வேண்டாம் என்று சொல்வது சுலபம். சரியான மருந்தைச் சரியான அளவில் அடித்து, சொன்ன நாள் வரைக்கும் காத்திருக்கச் சொல்லிக்கொடுங்கள், அது போதும்.

பண்டாரவளை டீச்சர்
புகையிலைப் பேச்சை விட்டுவிடுகிறேன், நீங்கள் சொல்வது நியாயம். 2021-ஐ மட்டும் இங்கே இழுக்காதீர்கள். அது சந்தைக்குப் போடுகிறவர்களின் கதை, தங்கச்சி கேட்பது ஒரு துண்டு நிலத்தைப் பற்றி.

காத்திருக்கச் சொன்னீர்கள் அல்லவா? உங்கள் வயலில் எல்லாக் கோவாவும் ஒரே நாளில் நட்டது, ஏறக்குறைய ஒன்றாகவே அறுப்பீர்கள். அடித்த நாளைக் குறித்துவைத்து அறுவடையைத் தள்ளிப்போடலாம். வீட்டுத் தோட்டத்தில் அது எப்படி நடக்கும்? இன்றைக்கு ஒரு நோக்கோல், நாளைக்கு ஒரு கைப்பிடி போஞ்சி, அடுத்த நாள் சுண்டலுக்கு நாலு இலை. பாத்திகள் ஒட்டி ஒட்டித்தான் கிடக்கும். கோவாவுக்கு அடித்தது காற்றில் போஞ்சியிலும் படும். கொழுந்து எடுத்துவிட்டுப் பொழுதுசாய வீட்டுக்கு வருகிற அம்மா, பசியோடு நிற்கிற பிள்ளையிடம் "இன்னும் பத்து நாள் பொறு" என்று சொல்வாளா? உங்கள் லேபல் சொல்வது எல்லாம் சரிதான். ஆனால் அது இந்த நிலத்தை நினைத்து எழுதியது இல்லை.

வெலிமடைக்காரன்
அந்த ஒன்றை மறுக்க மாட்டேன். பிடுங்கிப் பிடுங்கிச் சாப்பிடுகிற பாத்தியில் காத்திருப்பு நாளைக் காப்பது கஷ்டம்தான். ஆனால் உங்கள் வேப்பெண்ணெய்க்கு வருகிறேன். வேம்பு யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்து மரம். நம்ம குளிருக்கு அது சரியாக வராது, எண்ணெயைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாங்கி அடித்தாலும் புழு உடனே சாகாது. தின்னாமலும் தோலுரிக்காமலும் குறுகிப்போகும், அதுவும் குட்டிப் புழுவாக இருந்தால்தான். வெயில் பட்டால் சத்துப் போய்விடும். ஹட்டனில் மே தொடங்கிச் செப்டெம்பர் வரைக்கும் பெய்கிற மழையில் இலையில் என்னதான் நிற்கும்? எங்கள் பக்கம் அந்த நேரத்தில் வறட்டுக் காற்றுதான், அதனால்தான் இந்தப் புழு எங்களை வாட்டுகிறது. மழை குட்டிப் புழுவை அடித்துக் கழுவிவிடும். ஹட்டன் தங்கச்சிக்கு வானமே பாதி வேலையைச் செய்கிறது. மழை விட்ட நாட்களில் பின்னேரம் பூவாளியால் மேலிருந்து தண்ணீர் ஊற்றினாலும் ஓரளவு குறையும்.

தலவாக்கலைத் தம்பி
அக்கா, நான் பழைய நுளம்பு வலையைத்தான் போடுகிறேன். கவ்வாத்து மிலாறை (வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியை) வளைத்துப் பாத்தியின் இரண்டு பக்கமும் குத்தி, மேலே வலையை இழுத்து, ஓரத்தை மண் போட்டு மூடிவிட வேண்டும். விரல் நுழைகிற இடைவெளி இருந்தாலும் அந்து உள்ளே போய் முட்டை வைக்கும். நாற்று நட்ட அன்றைக்கே போட வேண்டும். புழு வந்த பிறகு போட்டால், புழுவைத் தின்ன வருகிற குளவியும் குருவியும் வெளியே நிற்கும், புழு உள்ளே பத்திரமாக இருக்கும். இப்போது நிற்கிற கோவாவுக்குப் காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு)ப் போவதற்கு முன்னால் இலையைத் திருப்பிக் கையால் நசுக்குவதுதான் வழி. கோவாவுக்கும் நோக்கோலுக்கும் பூ வேண்டியதில்லை, மூடியே வைக்கலாம். சௌசௌவை மட்டும் மூடாதீர்கள், தேனீ வராவிட்டால் காய் பிடிக்காது.

நாற்று அடியோடு அறுந்து கிடந்தால் அது வெட்டுப்புழு. தண்டைச் சுற்றி மண்ணை விரலால் கிளறினால் சுருண்டு படுத்திருக்கும். யோகட் கப்பின் அடியை வெட்டிவிட்டு நாற்றைச் சுற்றிப் புதைத்தால் அண்டாது.

காட்டுப் பன்றித் தொல்லையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மரக்கறித் தோட்டம் என்றால் பன்றியைப் பிடிக்க வேலியோரம் சுருக்குக் கம்பி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்சபான தோட்டத்தில் அப்படி ஒரு கம்பியில்தான் கருஞ்சிறுத்தை மாட்டியது. உயிரோடு மீட்டும் சில நாளில் செத்துப்போனது. பன்றி எது, சிறுத்தை எது என்று கம்பி பார்க்காது, நாயும் மாட்டும். தயவுசெய்து யாரும் கட்டாதீர்கள்.

லயத்துப் பாத்தி (ஹட்டன் பக்கம்)
எல்லோருக்கும் நன்றி. சரி, அடுத்த நாற்றுக்கு வலைதான். போஞ்சியை என்ன செய்வது? கொடி ஏறுகிறது, மூட முடியாது. இலை முழுக்க வெள்ளையாகக் கோடு கோடாக ஓடியிருக்கிறது. மழைக்கு அப்புறம் ஓடில்லா நத்தை வேறு, சாம்பல் தூவினாலும் நிற்பதில்லை.

வெலிமடைக்காரன்
அந்தக் கோடு இலைச் சுரங்க ஈயின் புழு. இதில் டீச்சரோடு நான் சண்டை போடமாட்டேன். கண்ட மருந்தை அடித்தால் அதைக் கட்டுப்படுத்துகிற சிறு குளவிகள்தான் முதலில் சாகும், ஈ இன்னும் பெருகும். கோடு விழுந்த கீழ் இலையைக் கிள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மஞ்சள் அட்டையில் கிரீஸ் தடவிக் கொடியருகே தொங்கவிடுங்கள். சாம்பல் நனைந்ததும் வேலை செய்யாது. ராத்திரி ஈரச் சாக்கை விரித்துவைத்து விடியற்காலையில் திருப்பினால், நத்தையெல்லாம் அதன் அடியில் இருக்கும், உப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். நத்தைக்கு விற்கிற குருணை மருந்தை வாங்காதீர்கள், நாய் தின்றால் பிழைக்காது.

இவ்வளவும் செய்தும் ஒரு போகம் கைமீறிப் போனால், லேபலோடு மூடி திறக்காத மருந்தை ஒரு தடவை அடிப்பதில் தப்பில்லை என்றுதான் இன்னமும் சொல்வேன். சந்தேகம் இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

பண்டாரவளை டீச்சர்
கைமீறிப் போனால் அந்தக் கோவாவைப் பிடுங்கி மாட்டுக்குப் போடுங்கள், அடுத்த தடவை அதே பாத்தியில் கரட்டோ லீக்ஸோ நடுங்கள். ஒரு போகம் கோவா இல்லாவிட்டால் குடும்பம் ஒன்றும் கெட்டுப்போகாது. இதில் நான் இறங்கி வர மாட்டேன். தங்கச்சி, அந்தப் போத்தல் இப்போது எங்கே இருக்கிறது? குடிக்கிற போத்தல் மாதிரி இருந்தால் இன்றைக்கே பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கானில் (வடிகாலில்) ஊற்றிவிடாதீர்கள், கீழ் லயத்துக்காரர்கள் அந்தத் தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள்.

லயத்துப் பாத்தி (ஹட்டன் பக்கம்)
இஸ்தோப்பில் (முன் திண்ணையில்)தான் இருந்தது டீச்சர். எடுத்துப் பெட்டியில் பூட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கே திருப்பிக் கொண்டுபோகிறேன்.